அழைத்துவரப்பட்ட சாட்சி: கரோலின் ஃபோர்ஷே

'சாட்சியக் கவிதை' என்றொரு சொல் கொஞ்ச காலமாகச் செலாவணியில் இருக்கிறது. போர், சிறை, கலவரம், இடப்பெயர்வு என்று எதைப் பற்றி யார் எழுதினாலும் இந்த முத்திரையைக் குத்திவிடுகிறோம். குத்தியபின் கவிதையைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேச முடிவதில்லை. பட்டவர்களின் துயரத்தைக் கேள்வி கேட்பதா என்று ஒரு தரப்பு வாயை அடைக்கிறது. இது வெறும் பத்திரிகைச் செய்தி, இதில் கலை எங்கே என்று மறுதரப்பு ஒதுக்குகிறது. இரண்டு தரப்புக்கும் ஒரே அனுமானம்தான்: சாட்சி என்பவர் பாதிக்கப்பட்டவர், பாதிப்பைச் சொன்னால் போதும்.

ஆங்கிலக் கவிதை உலகில் இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் கரோலின் ஃபோர்ஷே என்ற அமெரிக்கக் கவிஞர். அவர் இந்த அனுமானத்துக்குள் அடங்குகிறவர் அல்ல. தன் நாட்டுக் கொடுமையைத் தன் உடம்பில் பட்டு எழுதியவரல்லர். அடுத்த நாடு ஒன்றுக்கு அழைத்துப் போகப்பட்டு, காட்டப்பட்டு, திரும்பி வந்து தன் ஊர்க்காரர்களிடம் சொன்னவர். நான் இங்கே பேச விரும்புவது அந்த அழைப்பைப் பற்றி. நீதிமன்றத்திலாகட்டும் வேறெங்காகட்டும், சாட்சி தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறார். யார் கூட்டி வந்தார்கள், எதற்காக, யாரிடம் சொல்ல என்ற கேள்விகளை விட்டுவிட்டு ஃபோர்ஷேயைப் படித்தால் அவர் இரக்கமுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியாக மட்டுமே தெரிவார். அமெரிக்காவிலேயே பலர் அப்படித்தான் படித்தார்கள்.

1950இல் மிஷிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தொழிற்சாலைகளுக்கான கருவிகளும் அச்சுகளும் செய்கிற தொழிலாளி. கத்தோலிக்கக் குடும்பம், கத்தோலிக்கப் பள்ளி. ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த பாட்டி அன்னா அவருடைய கவிதைகளில் கடைசிவரை வந்துபோகிறார். முதல் தொகுப்பான 'கேதரிங் தி ட்ரைப்ஸ்' 1976இல் யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் வரிசையில் வெளிவந்தது. அதைத் தேர்ந்தெடுத்தவர் ஸ்டான்லி குனிட்ஸ். பாட்டி, நிலம், உடல், பூர்வகுடிகள் என்று விரியும் அந்தத் தொகுப்பு நல்ல தொகுப்புதான். அந்த வழியிலேயே போயிருந்தால் பல்கலைக்கழகமொன்றில் கவிதை எழுதப் பயிற்சி கொடுத்துக்கொண்டு, நாலைந்து வருஷத்துக்கு ஒரு புத்தகம் என்று சௌகரியமாகக் காலம் தள்ளியிருப்பார். அப்படிக் காலம் தள்ளும் கவிஞர்கள் அமெரிக்காவில் ஒரு தனி வர்க்கம்.

குறுக்கிட்டது மொழிபெயர்ப்பு. க்ளாரிபெல் அலெக்ரீயா நிக்கராகுவாவில் பிறந்து எல் சால்வடோரில் வளர்ந்த கவிஞர். அப்போது ஸ்பெயினின் மயோர்கா தீவில் இருந்தார். 1977 கோடையில் அவருடைய மகளோடு அங்கே போய்த் தங்கி அவர் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முயன்றார் ஃபோர்ஷே. அகராதியில் சொற்கள் கிடைத்தன. சொற்களுக்குப் பின்னால் இருந்த நாடு கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்துபோன லத்தீன் அமெரிக்க அகதிகள் பேசிக்கொண்டதில் பாதி அவருக்குப் பிடிபடவில்லை. பிற்பாடு இந்த மொழிபெயர்ப்பு 1982இல் 'ஃப்ளவர்ஸ் ஃப்ரம் த வால்கேனோ' என்ற நூலாக வந்தது. ஆனால் அதற்குள் வேறு என்னென்னவோ நடந்துவிட்டது.

அதே ஆண்டு அவர் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிய பிறகு, அலெக்ரீயாவின் உறவினரான லியோனல் கோமெஸ் விதெஸ் முன்னறிவிப்பில்லாமல் தன் இரண்டு மகள்களோடு வேனில் வந்து வாசலில் நின்றார். காப்பித் தோட்டக்காரர். குறி தவறாமல் சுடுபவர். இவர் கெரில்லாக்களின் ஆள் என்று சிலரும், சி.ஐ.ஏ. ஆள் என்று சிலரும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். சாப்பாட்டு மேசைமேல் கசாப்புக் கடைத் தாளை விரித்து, படம் போட்டு, மேசையிலிருந்த சாமான்களையே படைகளாகவும் நிலப்பிரபுக்களாகவும் நகர்த்தி, மூன்று நாள் தன் நாட்டின் வரலாற்றைச் சொன்னார். மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் எங்கள் நாட்டில் போர் வரும், அதற்கு உன் நாடு பணம் கொடுக்கும். வியட்நாம் தொடங்கும் முன்பே அங்கே போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்திருந்தால் நீ போயிருக்க மாட்டாயா என்ற பொருளில் கேட்டார். பத்திரிகையாளர் யாரையாவது கூட்டிப் போகலாமே என்றார் ஃபோர்ஷே. இல்லை, கவிஞர்தான் வேண்டும் என்றார் லியோனல். அமெரிக்காவில் கவிஞர்கள் பேச்சை எவரும் கேட்பதில்லை என்று அவர் சொன்னது லியோனலுக்கு விளங்கவே இல்லை. அவருடைய கண்டத்தில் கவிஞர்கள் தூதுவர்களாகிறார்கள், சிறைக்குப் போகிறார்கள், கொல்லப்படுகிறார்கள்.

இங்கே அழைப்பின் தன்மையைக் கவனிக்க வேண்டும். எங்கள் மக்களுக்காகப் பேசு என்று லியோனல் கேட்கவில்லை. உன் மக்களிடம் பேசு என்றார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவதில் கவிஞர் பிரதிநிதி ஆகிவிடுகிறார்; குரலற்றவர்களின் குரல் என்ற, கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அந்தப் பதவி. இரண்டாவதில் அவருக்குப் பிரதிநிதித்துவம் ஏதும் இல்லை. காசு கொடுக்கிற நாட்டின் குடிமகள் என்ற அடையாளம் மட்டும்தான் தகுதி. அது தகுதி என்பதைவிடக் குற்றப்பங்கு என்றே சொல்ல வேண்டும்.

கிடைத்திருந்த குகன்ஹைம் உதவித்தொகையோடு 1978 ஜனவரியில் எல் சால்வடோர் போனார். 1980 மார்ச் வரை போவதும் வருவதுமாக இருந்தார். நாட்டின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லலாம். காப்பி விளையும் நிலம் சில குடும்பங்களின் கையில். 1932இல் எழுந்த விவசாயிகளையும் பூர்வகுடிகளையும் ராணுவம் கொன்று குவித்ததற்கு 'மடான்ஸா' என்று பெயர். பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம்வரை கணக்குச் சொல்கிறார்கள். அதன்பின் ராணுவத்தின் ஆட்சி. எழுபதுகளின் இறுதியில் விவசாயச் சங்கங்களும் திருச்சபையின் அடித்தளக் குழுக்களும் வளர, கொலைக்குழுக்களும் கூடவே வளர்ந்தன.

லியோனல் அவரை ஒரு மாணவியைப்போல நடத்தினார். இன்றைக்குக் குடியானவர் வீடு, நாளைக்குப் பெரிய இடத்து விருந்து. ஒரு கிராமப்புறச் சிகிச்சை நிலையத்தில் மருத்துவரோடு தங்கி மருந்தில்லாத வைத்தியத்தைப் பார்த்தார். ஒரு சிறைக்குள் பார்வையாளராக அனுப்பப்பட்டு, ஆள் நிமிர முடியாத மரப்பெட்டிகளுக்குள் மனிதர்கள் அடைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். பார்த்ததற்கு விளக்கம் எதையும் லியோனல் உடனே கொடுக்க மாட்டாராம். என்ன பார்த்தாய், திருப்பிச் சொல் என்று கேட்பாராம். ஒருமுறை கொலைக்குழுவின் வண்டி துரத்தியிருக்கிறது. கடைசியில், ஊருக்குப் போ, போய்ச் சொல் என்று சொன்னவர்களில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவும் ஒருவர். ஃபோர்ஷே கிளம்பி ஏறத்தாழ ஒரு வாரத்தில், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த ரொமேரோ சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தப் பயணங்களிலிருந்து பிறந்தது 1981இல் வந்த 'த கன்ட்ரி பிட்வீன் அஸ்' என்ற சிறு தொகுப்பு. எல் சால்வடோர் பற்றிய கவிதைகள் அதன் முதல் பகுதி மட்டும்தான். அதிலும் 'த கர்னல்' என்ற உரைநடைக் கவிதை அவருடைய பெயரைத் தூக்கி நிறுத்தியது. அதை விரிவாகப் பார்த்தாக வேண்டும்.

ஒரு கர்னல் வீட்டில் இரவு விருந்து. வீட்டுச் சாமான்கள், நாய்கள், தொலைக்காட்சித் தொடர், சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லுகள், நல்ல மது, நல்ல சாப்பாடு என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் பட்டியல் போகிறது. நாட்டை ஆள்வது எவ்வளவு கஷ்டமாகிவிட்டது என்று பேச்சு. கர்னல் எழுந்துபோய் ஒரு பையைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டுகிறார். மனிதக் காதுகள். ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டுகிறார், தண்ணீர்க் குவளையில் போடுகிறார், மனித உரிமை பேசுகிறவர்களை ஏசுகிறார், உன் கவிதைக்குத் தீனி கிடைத்தது என்கிற தொனியில் கேலி செய்கிறார், காதுகளைத் தரையில் தள்ளிவிடுகிறார். அவ்வளவுதான் கவிதை. வரி முறிப்பு கிடையாது, உவமைகூட ஒன்றிரண்டுதான். நினைவு தவறிவிடக் கூடாதே என்று குறிப்பாக எழுதிவைத்தேன், கவிதை என்று நினைக்கவில்லை என்று அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

கர்னல் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. ஒளித்து வைத்திருந்ததைக் கவிஞர் துப்பறிந்து வெளிக்கொண்டு வரவில்லை. அவரே காட்டினார். கவிஞர் என்று தெரிந்தே காட்டினார். ஆக, ஃபோர்ஷேயைச் சாட்சியாக அழைத்தவர்கள் இரண்டு பேர். லியோனல் ஒருவர், கர்னல் ஒருவர். இருவருக்குமே செய்தி வடஅமெரிக்காவுக்குப் போய்ச் சேர வேண்டும். பயங்கரம் பார்வையாளர் இல்லாமல் பயங்கரம் ஆவதில்லை. பிணத்தைத் தெருவோரத்தில் போடுகிற கொலைக்குழு பிணத்தை மறைக்க நினைப்பதில்லையே. அதிகாரத்தின் இருட்டை அம்பலப்படுத்துவதே சாட்சியம் என்று நாம் பேசிவருகிற பேச்சுக்கு இந்தக் கவிதையில் இடமில்லை. அதிகாரமே விளக்கைப் போட்டுக் காட்டுகிறது. அந்த வெளிச்சத்தில் பார்த்ததை அப்படியே கொண்டுவந்து சேர்த்தால் சாட்சி கர்னலின் தபால்காரர் ஆகிவிடுவார்.

அப்படி ஆகாமல் கவிதை எப்படித் தப்பியது? அதன் இடப் பெயர்களைப் பாருங்கள் என்பேன். தமிழ் படித்தவன் என்பதால் தன்மை, முன்னிலை, படர்க்கை என்றுதான் எனக்குப் பார்க்க வருகிறது. கவிதையின் பெரும்பகுதி படர்க்கை. கர்னல், மனைவி, மகள், வேலைக்காரி. தன்மை மிகக் குறைவு. தான் நடுங்கினேன், அழுதேன் என்று எதுவும் இல்லை. நண்பர் கண்ணால் ஜாடை காட்ட, பேசாமல் இருக்கிறார், அவ்வளவே. ஆனால் முதல் வாக்கியமே முன்னிலை. 'நீங்கள்' ஏதோ செவிவழியாகக் கேட்டிருக்கிறீர்கள் என்பதை எடுத்துக்கொண்டு அதை உறுதிசெய்கிற வாக்கியம் அது. அந்த 'நீங்கள்' சால்வடோர்க்காரர்கள் அல்லர்; அவர்களுக்கு இது செய்தியே இல்லை. அந்த 'நீங்கள்' வரி கட்டுகிற அமெரிக்க வாசகர். உங்களுக்குத் தெரியாது என்று கவிதை தொடங்கவில்லை. கேட்டிருக்கிறீர்கள், ஆனாலும் சும்மா இருந்தீர்கள் என்பது அதற்குள் அடக்கம். கர்னல் கொடுத்தனுப்பிய மிரட்டல் வாசகர் மீதான குற்றச்சாட்டாக மாறுவது இந்த ஒரே இடத்தில்தான். கடைசியில் தரையில் கிடக்கும் காதுகளே கேட்கத் தொடங்குவதும் இதனோடு சேர்ந்தது. செவிவழிச் செய்தியில் தொடங்கிச் செவிகளில் முடிகிறது.

இந்தப் புத்தகம் பரவிய காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1981 டிசம்பரில் எல் மொஸோட்டே என்ற கிராமத்தையும் சுற்றுப்புறத்தையும் அமெரிக்கப் பயிற்சி பெற்ற அட்லகாட்ல் படைப்பிரிவு அழித்தது. கொல்லப்பட்டவர்கள் ஆயிரத்தை ஒட்டி. பாதிக்கு மேல் குழந்தைகள். 1982 ஜனவரி 27 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ரேமண்ட் பானரும் 'வாஷிங்டன் போஸ்ட்' இதழில் அல்மா கில்லர்மோப்ரியெத்தோவும் நேரில் போய் வந்து எழுதினார்கள். மறுநாளே, எல் சால்வடோர் அரசு மனித உரிமையில் முன்னேறி வருவதாக ரீகன் சான்றளித்தார், உதவித்தொகை தொடர்ந்தது. படுகொலைக்கு ஆதாரம் இல்லை என்றது அரசுத் தரப்பு. அதே ஆண்டில் பானரைப் பத்திரிகை திரும்ப அழைத்துக்கொண்டது. 1992இல் அர்ஜென்டினத் தடயவியல் நிபுணர்கள் குழி தோண்டிக் குழந்தைகளின் எலும்புகளை எடுத்த பிறகுதான் மறுப்பதற்கு வழியில்லாமல் போனது.

பத்திரிகையாளர்களின் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்து தள்ளுபடி செய்ய முடிந்தது. கவிதையை யாரும் அப்படி விசாரிக்கவில்லை. கவிதையில் கர்னலின் பெயர் இல்லை. அது 1982இல் ஹார்ப்பர் அண்ட் ரோ வெளியீடாகவும் வந்து, கவிதை நூலுக்கு அபூர்வமான அளவில் விற்று, கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் கூட்டங்களிலும் படிக்கப்பட்டது. இது கவிதையின் பலமா? பலம் என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். எனக்குச் சந்தேகம் உண்டு. பொய் என்று சொல்லி மறுக்கப்படாத ஒன்று, எந்த அரசையும் சங்கடப்படுத்தாத ஒன்றாகவும் இருக்கக்கூடும். ஃபோர்ஷே கவிதையோடு நிற்காமல் நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். லியோனல் வேண்டியதும் அதைத்தான். கவிதை அவருக்கு மேடை ஏறக் கிடைத்த அனுமதிச் சீட்டு. இப்படிச் சொன்னால் கவிதையைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

விமர்சனம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. அமெரிக்கக் கவிஞருக்கு அரசியல் எதற்கு என்பது பழைய பல்லவி, அதை விட்டுவிடலாம். பெண்ணியரும் இடதுசாரியுமான கத்தா பாலிட் 1982இல் 'த நேஷன்' இதழில் எழுப்பிய கேள்விதான் கனமானது: அந்தரங்கமான, தனித்த 'நான்' ஒன்றின் மங்கலான கவித்துவ மொழியில் இவ்வளவு பெரிய பொது விஷயத்தை அடக்க முடியுமா? தொகுப்பின் சில கவிதைகளுக்கு இது பொருந்தவே செய்கிறது. கொடுமை நடக்கிற இடத்தில் நிலவும் வாசனையும் தேவைக்கு மேல் வந்துவிடுகின்றன. ஆனால் 'ரிட்டர்ன்' என்ற நீண்ட கவிதையில் அந்த 'நான்' வசமாக மாட்டிக்கொள்கிறது. ஊர் திரும்பிய கவிஞர், இங்கே ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று வயதான தோழியிடம் புலம்புகிறார். தோழி ஆறுதல் சொல்வதில்லை; அந்தப் புலம்பலே வசதியுள்ளவர்களுக்கு வாய்த்த சலுகை என்று கண்டிக்கிறார். நம் மரபில் கையறுநிலை என்றொரு துறை இருக்கிறது. அதில் கையற்றுப் போகிறவர் புரவலனை இழந்தவர், இழப்பு அவருடையது. ஃபோர்ஷேயின் தோழி கேட்பது வேறு: உனக்குக் கை இருக்கிறது, அற்றுப்போனது போல ஏன் நடிக்கிறாய்?

இதே காலத்தில் மத்திய அமெரிக்காவில் 'தெஸ்திமோனியோ' என்ற வகைமை வளர்ந்துகொண்டிருந்தது. பாதிக்கப்பட்டவர், போராடியவர் சொல்ல, எழுத்தறிந்த ஒருவர் பதிந்து தொகுப்பது. 1932இல் துப்பாக்கிக் குழுவின் முன்னால் நிறுத்தப்பட்டு உயிர் தப்பிய மிகெல் மார்மோலின் கதையை சால்வடோர்க் கவிஞர் ரோக்கே டால்டன் பதிவுசெய்து 1972இல் வெளியிட்டார். குவாதமாலாவின் ரிகொபெர்த்தா மெஞ்சூவின் நூல் 1983இல் வந்தது. நியாயமாகச் சாட்சியம் என்ற சொல் இந்த நூல்களுக்குத்தான் போக வேண்டும். ஃபோர்ஷேயின் கவிதை தெஸ்திமோனியோ அல்ல. அதை வாசிக்க மறுக்கிற நாட்டின் வாசலில் போடப்பட்ட கடிதம்.

டால்டன் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. அவரை ராணுவம் கொல்லவில்லை. 1975 மே மாதம் அவருடைய கெரில்லா இயக்கத் தோழர்களே, சி.ஐ.ஏ. உளவாளி என்று குற்றம் சுமத்திச் சுட்டுக் கொன்றார்கள். குற்றச்சாட்டு பொய். லியோனலின் மீதும் இதே வதந்தி உலவியது; எந்தப் பக்கமும் முழுதாகச் சேராத மனிதருக்கு இது வழக்கமாகக் கிடைக்கிற பட்டம். போர் முடிந்து 1993இல் வந்த ஐ.நா. உண்மை ஆணையத்தின் அறிக்கை, வந்துசேர்ந்த புகார்களில் 85 விழுக்காடு அரசுப் படைகள், அவற்றின் துணைப்படைகள், கொலைக்குழுக்கள் மீது என்றது. சுமார் 5 விழுக்காடு கெரில்லா முன்னணியின் மீது. 75,000 பேர் மாண்ட போரில் இந்த இரண்டு எண்களையும் சமன்செய்து பேசுகிறவர் அயோக்கியர். ஐந்தை விழுங்கிவிட்டு எண்பத்தைந்தை மட்டும் பேசுகிறவரைச் சாட்சி என்று நான் சொல்ல மாட்டேன், அவர் வக்கீல். இயக்கங்களுக்கு வக்கீல் தேவைதான். ஆனால் இரண்டு வேலையும் ஒன்று என்று பாவனை செய்யக் கூடாது.

ஃபோர்ஷே கோட்பாட்டுக்கு வந்தது 1993இல், 'அகெய்ன்ஸ்ட் ஃபர்கெட்டிங்' என்ற பெருந்தொகை நூலின் மூலமாக. ஆர்மீனியப் படுகொலை தொடங்கி தியானன்மென் வரை, நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கவிஞர்கள். அக்மதோவா, செலான், ஹிக்மத், ப்ரெக்ட், ரிட்ஸோஸ், தார்வீஷ் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். முன்னுரை ஹங்கேரியக் கவிஞர் மிக்லோஷ் ராட்நோட்டியிலிருந்து தொடங்குகிறது. 1944 நவம்பரில் கட்டாய நடைப்பயணத்தில் சுடப்பட்டுப் புதைக்கப்பட்டார். 1946இல் குழியைத் தோண்டியபோது கோட்டுப் பையில் கவிதைக் குறிப்பேடு இருந்தது. மண்ணின் ஈரத்தில் நைந்துபோன அந்தத் தாள்கள்தான் ஃபோர்ஷேயின் கருத்துக்கு உருவம்: கவிதை ஒரு நிகழ்வைப் பற்றியது அல்ல, நிகழ்வின் தடயமே அது. நடந்தது என்பதற்கு அந்தக் கவிதையைத் தவிர வேறு ஆதாரமே இல்லாமலும் போகலாம். அப்போது அது மெய்யா என்று சரிபார்க்க நமக்கு வேறு அளவுகோல் இல்லை. தனிமனிதக் கவிதை, அரசியல் கவிதை என்ற இரட்டைப் பிளவை அவர் நிராகரிக்கிறார். அரசுக்கும் அந்தரங்கத்துக்கும் நடுவே 'சமூகம்' என்று ஒரு வெளி இருக்கிறது, எதிர்ப்பு அங்கேதான் நிகழ்கிறது, சாட்சியக் கவிதையும் அந்த வெளியைச் சேர்ந்தது என்கிறார்.

இந்த மூன்றாவது வெளி பயனுள்ள கருத்து. கட்சிக் கவிதை, தூய கவிதை என்று கட்டிப்புரண்டு சண்டை போட்டு அலுத்தவர்களுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. ஆனால் தொகுப்பின் அளவுகோல் எனக்கு ஒப்பவில்லை. சிறை, போர், நாடுகடத்தல், தணிக்கை போன்ற உச்சநிலைகளைத் தாமே அனுபவித்தவர்கள் என்பதுதான் தேர்வுக்கான அடிப்படை. அதாவது வாழ்க்கை வரலாறே தகுதிச் சான்றிதழ். ஒருவரைச் சிறையில் அடைத்தது ஃபாசிசமா, ஸ்டாலினியமா, காலனியமா என்ற வேறுபாடுகள் இதில் மங்கி எல்லாரும் 'துன்புற்றோர்' ஆகிவிடுகிறார்கள். இன்னொரு முரணும் இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்தால் கர்னல் கவிதையை எழுதிய ஃபோர்ஷே எங்கே நிற்பார்? கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தது, விமானம் ஏற முடிந்தது. தன்னுடைய மிக வலுவான கவிதையின் விசித்திர நிலையை, குற்றத்தில் பங்குள்ள நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட சாட்சி என்ற நிலையை, அவருடைய கோட்பாடே விட்டுவிட்டது. சாட்சியக் கவிதை என்ற சொல் இன்று முத்திரையாகச் சீரழிந்ததற்கு விதை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. பின்னாளில் எழுதிய கட்டுரைகளில் லெவினாஸ் முதலியோரைத் துணைக்கு அழைத்து, சாட்சியம் என்பது கருப்பொருள் அல்ல, மொழி அடைந்த காயம், அதை வாசிக்கும் விதம் என்று அவர் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்த்தார். முத்திரை குத்துகிறவர்கள் அதையெல்லாம் படிப்பதில்லை.

1994இல் வந்த 'த ஏஞ்சல் ஆஃப் ஹிஸ்டரி' பெஞ்சமினின் வரலாற்றுத் தேவதையைத் தலைப்பாகக் கொண்டது. முந்தைய தொகுப்புக்கும் இதற்கும் பதின்மூன்று ஆண்டு இடைவெளி. இந்தப் பதின்மூன்றுக்குள் பெய்ரூத், தென்னாப்பிரிக்கா, பாரீஸ், திருமணம், குழந்தை. 'நான்' சொல்லும் கவிதை தன் கையை விட்டுப் போய்விட்டது என்று அவரே குறிப்பு எழுதுகிறார். பாரீஸ் மருத்துவமனையில் ஒரு யூதப் பெண், ஹிரோஷிமாவில் ஒரு தோட்டம், பாட்டி அன்னா என்று பல குரல்கள் துண்டு துண்டாக வருகின்றன. யார் பேசுகிறார்கள் என்று சட்டென்று பிடிபடாது. கோட்பாட்டில் ஆர்வமுள்ளவர்கள் இதைத்தான் அவருடைய சாதனை என்பார்கள். மையமற்ற பிரதி, சிதறிய தன்னிலை, எல்லாம் இருக்கிறது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு, நெருக்கம் இல்லை. தன்மையை அழித்த வேகத்தில் முன்னிலையும் சேர்ந்து அழிந்துவிட்டது. யாரைப் பார்த்துப் பேசுகிறது அந்தப் பிரதி? பேராசிரியரைப் பார்த்தோ என்று சில பக்கங்களில் தோன்றுகிறது. 2003இல் வந்த 'ப்ளூ ஹவர்' தொகுப்பிலும், அகரவரிசைப்படி அடுக்கப்பட்ட அதன் நெடுங்கவிதையிலும் இதே சிக்கல் தொடர்கிறது.

லியோனலின் கதையை மீதியும் சொல்லிவிடுகிறேன். நிலச்சீர்திருத்த நிறுவனத்தில் அவர் யாரோடு வேலை செய்தாரோ அந்தத் தலைவர் ரொடோல்ஃபோ வியேரா 1981 ஜனவரியில் ஓட்டலில் சுடப்பட்டார். கூடவே இரண்டு அமெரிக்கர்களும். லியோனல் தப்பி அமெரிக்காவுக்குப் போனார். 2009இல் இறந்தார். அவருக்குக் கொடுத்த வாக்கின் பாக்கியை ஃபோர்ஷே 2019இல் தீர்த்தார், உரைநடையில். அந்த நினைவு நூலின் தலைப்பு கர்னல் கவிதையின் முதல் வாக்கியமேதான். ஆனால் உள்ளே கர்னல் சில பக்கங்களுக்கு மட்டும் வருகிறார். நூல் முழுக்க லியோனல். இருபத்தேழு வயதுப் பெண் ஒன்றும் புரியாமல் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார், தப்பாகக் கேள்வி கேட்கிறார், திட்டு வாங்குகிறார். கவிதை மறைத்துவிட்ட அழைத்துவந்தவர் நாற்பது வருடம் கழித்து முன்னுக்கு வருகிறார். சாட்சியம் எப்படித் தயாராகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவை நான் படித்ததில்லை. கோட்பாட்டு நூலை எடுப்பதற்கு முன்னால் இதை எடுக்கும்படி நண்பர்களிடம் சொல்லிவருகிறேன்.

அந்த நாடு இப்போது வேறு விதமாகச் செய்தியில் அடிபடுகிறது. 2022 மார்ச்சில் நயீப் புக்கேலே அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. தெருக்கும்பல்களை ஒடுக்குவதாகச் சொல்லிப் பல்லாயிரக்கணக்கானோரை அடைத்தது. 2023இல் திறந்த மாபெரும் சிறையின் படங்களை அரசே எடுத்து வெளியிட்டது. மொட்டையடித்து, வெற்றுடம்போடு, வரிசையாகக் குனிய வைக்கப்பட்ட ஆண்கள். 2025 மார்ச்சில் அமெரிக்கா இருநூறுக்கும் மேற்பட்ட வெனிசுலா நாட்டவரை விமானத்தில் ஏற்றி அந்தச் சிறைக்கு அனுப்பியது. அதற்குப் பணமும் ஒப்புக்கொண்டது. ஜூலையில் அவர்கள் வெனிசுலாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் அந்தச் சிறைக்கு வந்திறங்கிய காட்சியும் படமாக்கப்பட்டு உலகம் முழுக்க ஓடியது. கர்னல் ஒரு கவிஞருக்குக் காட்டியதை இப்போது காமிரா எல்லாருக்கும் காட்டுகிறது, இசைகூடச் சேர்த்து.

2020இல், பதினேழு வருட இடைவெளிக்குப் பிறகு, ஃபோர்ஷேயின் 'இன் த லேட்னஸ் ஆஃப் த வேர்ல்ட்' வந்தது. அதில் 'த போட்மேன்' என்றொரு கவிதை. சிரியப் போரிலிருந்து படகில் தப்பி வந்து இப்போது டாக்சி ஓட்டுகிற ஒருவர் பேசுகிறார். கடலில் கண்டதைச் சொல்கிறார். கவிதை கிட்டத்தட்ட முழுக்க அவர் பேச்சுத்தான். கவிஞர் இந்தமுறை எங்கும் அழைத்துச் செல்லப்படவில்லை. தான் போக வேண்டிய இடத்துக்கு வாடகை கொடுத்துப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பயணி. ஓட்டுகிறவர்தான் எங்கே போக வேண்டும் என்று கேட்கிறார்.